மாடி வீட்டுச் செலவு

திண்டுக்கல்
10.06.2024

அன்புள்ள மாமா,

நேற்று போனில் உங்களுக்குக் கிடைத்தது நான்கு நிமிடம். அதில் மூன்று நிமிடத்தை, "வீட்டைக் காலி பண்ணிட்டு அம்மாகிட்டப் போயி இரு" என்று சொல்வதற்கே செலவழித்துவிட்டீர்கள். நான் பதில் சொல்ல ஆரம்பித்தபோது பின்னால் வரிசையில் நின்றவர் இந்தியில் ஏதோ சொன்னார். லைன் போய்விட்டது. முகாமில் உங்கள் போனை வாங்கிப் பூட்டி வைத்தது ஒருவகையில் நல்லதுதான். கடிதத்தில் என் பேச்சை யாரும் துண்டிக்க முடியாது.

காலி செய்ய மாட்டேன்.

உங்கள் அம்மா இருக்கும் தொப்பம்பட்டியில் இருந்து திண்டுக்கல்லுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். காலை ஒன்பது மணிக்கு மருந்துக்கடையில் பில் போடும் நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்க வேண்டும். அங்கிருந்து வந்து போவது நடக்காது. வாடகை ஐந்தாயிரத்து ஐந்நூறு ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய், பதின்மூன்றாயிரத்து ஐந்நூறு ரூபாய்ச் சம்பளத்தை விட்டுவிட்டு நிற்பேன். இதற்குப் பெயர் சிக்கனமா?

பிப்ரவரியில் கல்யாணம். ஏப்ரலில் நாகல் நகருக்குக் குடிவந்தோம். மே கடைசியில் நீங்கள் படைக்குப் பயிற்சி எடுக்கக் கிளம்பிவிட்டீர்கள். இந்த வீட்டில் நாம் சேர்ந்து இருந்தது இரண்டு மாதம்கூட இல்லை. நீங்கள் மார்ச்சில் திரும்பி வரும்போது இதே வீட்டுக்கு வர வேண்டும் என்று நினைக்கிறேன். புதிதாக ஒரு வீடு தேடி, மறுபடியும் பால் காய்ச்சி, மறுபடியும் அட்வான்ஸ் கொடுத்து அலைய நான் தயாராக இல்லை.

உங்கள் முதல் சம்பளம் வர மூன்று மாதம் ஆகும் என்கிறீர்கள். ஆகட்டும். என் சம்பளத்திலேயே இந்த வீடு ஓடும். கரண்டுக்கு மாதம் இருநூற்றைம்பது. குடிதண்ணீர் கேன் வாரத்துக்கு இரண்டு, முப்பது ரூபாய் வீதம். சிலிண்டர் ஒற்றை ஆளுக்கு இரண்டு மாதம் வரும். பால் கால் லிட்டர் போதும். மளிகை இரண்டாயிரத்து இருநூறு, காய்கறி ஆயிரம். வாடகை, போன், சோப்பு, சீப்பு எல்லாம் சேர்த்து 10,760 ரூபாய். கடைக்கு நடந்தே போகிறேன், பஸ் செலவு இல்லை. நமக்கென்று தனி ரேஷன் கார்டு வந்துவிட்டால் அரிசிச் செலவும் போய்விடும். அதற்கு எழுதிப் போட்டிருக்கிறேன்.

மூன்று மாதம் பாருங்கள். நான் சொன்ன தொகைக்கு மேல் போனால் நானே பூட்டிச் சாவியைக் கொடுத்துவிடுகிறேன்.

காலில் கொப்புளம் என்றீர்களே, தேங்காய் எண்ணெய் போடுங்கள்.

யுவராணி


பயிற்சி முகாம்
20.06.2024

ராணிக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். ஒரு தடவை சாப்பாட்டு வரிசையில் நின்றுகொண்டு. இன்னொரு தடவை பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டு. இரண்டு தடவையும் நீ சொல்வதுதான் சரி என்று பட்டது. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

இங்கே நாலரை மணிக்கு விசில். ஐந்து மணிக்கு ஓட்டம். கொப்புளம் உடைந்து, காய்ந்து, இப்போது தோல் தடித்துவிட்டது. மூன்று வேளையும் சப்பாத்தி, பருப்பு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் சோறு. அன்றைக்குத் தமிழ்நாட்டு ஆட்கள் ஆறு பேரும் ஒரே மூலையில் உட்கார்ந்து பேசாமல் சாப்பிடுவோம்.

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். ஒரு ஆளுக்கு எதற்கு அத்தனை வாடகை? அம்மா ரொம்ப வருத்தப்படுகிறாள். "மருமவ டவுன்ல தனியாக் கெடந்தா ஊருல நாலு பேரு என்ன பேசுவாங்க" என்று அக்காவிடம் சொல்லி அழுதாளாம். வயதானவளை இப்படி அழ விடலாமா? வேலைக்கு என்ன, பழனியில் எத்தனையோ மருந்துக்கடை இருக்கிறது. தொப்பம்பட்டியில் இருந்து ஒரே பஸ்.

மளிகைக்கு இரண்டாயிரத்து இருநூறு என்று எழுதியிருக்கிறாய். நான் இருந்தபோது நாலாயிரத்தைத் தொட்டதே. எண்ணெயும் பருப்பும் இப்போது விற்கிற விலையில் எப்படி முடியும் என்று புரியவில்லை. நீ எப்போதும் கொஞ்சம் பிடிவாதம். நல்ல பிடிவாதம்தான். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் என் பேச்சைக் கேள்.

ஜூலை கடைசியில் காலி செய்வதாக வீட்டுக்காரர் இருதயநாதன் சாரிடம் சொல்லிவிடு. அட்வான்ஸ் நாற்பதாயிரத்தையும் திருப்பிக் கேட்டு வை. அதை என்ன செய்வது என்று நான் பிறகு சொல்கிறேன்.

சரியாகச் சாப்பிடு.

அன்புமணி


திண்டுக்கல்
04.07.2024

அன்புமணி அவர்களுக்கு,

முதலில் ஜூன் மாதச் செலவைச் சொல்லிவிடுகிறேன். மளிகை 2,180. காய்கறி 940. மற்றதெல்லாம் நான் எழுதியபடிதான். கரண்டு மட்டும் இடித்தது.

திங்கட்கிழமை காலை இருதயநாதன் சார் துண்டுச்சீட்டோடு படியேறி வந்தார். இரண்டு மாதத்துக்கு 186 யூனிட். யூனிட் எட்டு ரூபாய், 1,488 ரூபாய் கொடு என்றார்.

"சார், எங்ககிட்டப் பிரிட்ஜ்கூட இல்ல. ஒரு பேனு, ரெண்டு லைட்டு, மிக்சி. எப்படி சார் இம்புட்டு வரும்?"

"மீட்டரு பொய் சொல்லுமாம்மா?" என்றார். அவர் ரிடையர்ட் கண்டக்டர். சில்லறை விஷயத்தில் அவரை யாரும் சந்தேகப்பட்டது கிடையாது போல. முகம் சுருங்கிவிட்டது. பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

சாயங்காலம் கடையில் இருந்து வந்ததும் நம் வீட்டு மெயினை அணைத்துவிட்டு, படிக்கட்டில் இருக்கும் நம் சப் மீட்டர் எதிரில் நின்றேன். வீட்டுக்குள் எதுவும் ஓடவில்லை. மீட்டரில் சிவப்பு விளக்கு விடாமல் மின்னிக்கொண்டே இருந்தது. கீழ்வீட்டு முத்துப்பேச்சி அக்கா அப்போதுதான் தண்ணீர் மோட்டாரைப் போட்டிருந்தார். பூ மார்க்கெட்டில் இருந்து வந்து வாசலை அலசி விட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா, செத்த நேரம் மோட்டார நிறுத்துங்க" என்றேன். நிறுத்தினார். விளக்கும் நின்றது. "இப்பப் போடுங்க" என்றேன். மறுபடி மின்னியது. அக்கா ஈரக்கையோடு மேலே வந்து பார்த்துவிட்டு, "ஏத்தா, இந்தக் கட்டடத்துல அம்புட்டுப் பேரு குளிக்கிற தண்ணியும் ஒம் மீட்டர்லயா ஓடுது?" என்றார்.

மறுநாள் காலையில் இருதயநாதன் சாரைக் கூப்பிட்டு அதே இடத்தில் நிறுத்தி, அதே மாதிரி செய்து காட்டினேன். மூன்று தடவை போட்டு அணைக்கச் சொல்லிப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வயரிங் பண்ணவன் செஞ்ச வேல. எனக்கு நெசமாவே தெரியாதும்மா. முன்ன இருந்தவுங்க ஒருத்தரும் கேக்கலையே."

அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. மோட்டாரை அவருடைய மீட்டருக்கு மாற்றுவதாக ஒப்புக்கொண்டார். நமக்கு உண்மையில் அறுபது யூனிட்டுக்கு மேல் வராது, கூடுதலாக வாங்கிய ஆயிரத்தெட்டு ரூபாயைத் திருப்பித் தர வேண்டும் என்று சொன்னேன். அப்போதுதான் அவர் அதைச் சொன்னார்.

"அதுக்கென்ன, மாசக் கடைசியில நீங்க போகையில அட்வான்ஸோட சேத்துக் குடுத்துர்றேன்."

"நாங்க போறோம்னு யாரு சார் சொன்னா?"

"சனிக்கெழம ஒங்க சொந்தக்காரரு வந்திருந்தாரேம்மா. ஆயக்குடி, ரங்கசாமின்னாரு. மாசக் கடைசியில காலி பண்றாங்க, அட்வான்ஸ என் கையில குடுங்க, அது நாங் குடுத்த பணந்தான்னாரு. ஒங்க வீட்டுக்காரரே அவருக்கு லெட்டர் போட்டிருக்காராமே."

உங்கள் அக்கா வீட்டுக்காரர். நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர். நான் கடையில் இருக்கும் நேரத்தில் வந்து, என் வீட்டை என்னைக் கேட்காமல் காலி செய்துவிட்டுப் போயிருக்கிறார். இருதயநாதன் சார் வாடகைக்கு விடும் அட்டையைக்கூட எழுதி வைத்துவிட்டார்.

நாற்பதாயிரமும் மூன்று வருடமாக நீங்கள் சேர்த்தது என்று சொன்னீர்கள். அதை நம்பித்தான் நான் ஒவ்வொரு ரூபாயாக எண்ணி உங்களுக்குச் செலவுப் பட்டியல் எழுதினேன். கடன் வாங்கியதில் எனக்குக் கோபம் இல்லை. அதை எனக்குத் தெரியாமல் வைத்துக்கொண்டு என்னைக் கூட்டிக் கழிக்க விட்டதில்தான் கோபம்.

இனி ஞாயிற்றுக்கிழமை போன் செய்ய வேண்டாம். எடுக்க மாட்டேன். சொல்ல வேண்டியதை எழுதுங்கள்.

யுவராணி


பயிற்சி முகாம்
15.07.2024

ராணி,

இரண்டு ஞாயிறு வரிசையில் நின்றேன். இரண்டு தடவையும் முழுதாக மணி அடித்து நின்றது. "எடுக்கலையா?" என்று பின்னால் நின்றவன் கேட்டான். தூங்கியிருப்பாள் என்றேன். மதியம் பன்னிரண்டு மணிக்கு.

நடந்ததைச் சொல்கிறேன். நாம் அந்த வீட்டைப் பார்க்கப் போன அன்றைக்கு என் கையில் பதினோராயிரம் இருந்தது, முதல் மாத வாடகைக்கும் சாமான் வாங்கவும். அவ்வளவுதான். வேன் ஓட்டி மூன்று வருடத்தில் சேர்த்தது கல்யாணத்தோடு போய்விட்டது. நீ சமையலறைக்குள் போய், அலமாரியை ஜாண் போட்டு அளந்து, "இந்தத் தட்டுல பருப்பு டப்பா, அந்தத் தட்டுல எண்ணெய்" என்று சொல்லிக்கொண்டிருந்தாய். அந்த நேரத்தில் என்னிடம் பணம் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. படியிறங்கி வெளியே போய் மச்சானுக்குப் போன் செய்தேன். அவர் ஒரு கேள்வி கேட்காமல் நாற்பதாயிரத்தையும் கொடுத்தார். ஆறு மாதத்தில் தருகிறேன் என்றேன்.

இப்போது அவருடைய கொய்யாத் தோட்டத்தில் போர்வெல் வற்றிவிட்டது. இன்னும் ஆழம் இறக்க வேண்டும். பணம் கேட்டு எழுதியிருந்தார். எனக்குச் சம்பளம் வரவில்லை. வீட்டைக் காலி செய்தால் அட்வான்ஸ் வரும், கடன் தீரும், உனக்குத் தெரியவே வேண்டாம் என்று நினைத்தேன். அதனால் அவரையே போய் வாங்கிக்கொள்ளச் சொல்லி எழுதினேன். நீ இல்லாத நேரம் பார்த்துப் போகச் சொன்னதும் நான்தான். அவர்மேல் கோபப்படாதே.

இன்னொன்றும் இருக்கிறது. இதை எழுதப் பேனாவை நான்கு தடவை எடுத்து வைத்தேன். அம்மா அழவில்லை. நீ அங்கே வர வேண்டும் என்று அவள் சொல்லவே இல்லை. அதை நானாக எழுதினேன். என் பெயரில் சொன்னால் நீ கேட்க மாட்டாய், அம்மா பெயரில் சொன்னால் யோசிப்பாய் என்று தோன்றியது.

இங்கே கயிற்றில் ஏறி உச்சியில் கட்டியிருக்கும் மணியைத் தட்ட வேண்டும். மூன்று வாரமாகப் பாதியில் சறுக்கி விழுந்துகொண்டிருந்தேன். இந்த வாரம் தட்டிவிட்டேன். உனக்குச் சொல்ல வேண்டும் என்று கீழே இறங்கும்போதே நினைத்தேன். சொல்கிற நிலைமையில் நான் இல்லை என்பது தரையில் கால் வைத்ததும்தான் ஞாபகம் வந்தது.

வீட்டைக் காலி செய்துவிடு, ராணி. வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

அன்புமணி


திண்டுக்கல்
29.07.2024

மாமா,

வீட்டைக் காலி செய்யவில்லை. வேறு வழி எனக்குத் தெரிந்தது.

உங்கள் கடிதம் வந்த மறுநாள் இருதயநாதன் சார் வீட்டுக் கதவைத் தட்டினேன். "சார், அந்த அட்டையை எடுத்துருங்க, நாங்க போகல" என்றேன். நாற்பதாயிரம் அட்வான்ஸில் பதினாறாயிரத்தை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சம் இருபத்துநாலாயிரத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றும் கேட்டேன். குடியிருக்கும்போதே அட்வான்ஸைக் கேட்பது அவருக்குப் புதிது.

"அது பேங்குல டெபாசிட்டுல கெடக்கும்மா. எடுத்தா வட்டி போயிரும்."

"வட்டி மாசம் எம்புட்டு சார் வருது?"

கொஞ்சம் யோசித்தார். "நூத்திச் சொச்சம் வரும்."

"வாடகைய இருநூறு கூட்டிக்கங்க. அடுத்த மாசத்துல இருந்தே தாரேன்."

கண்டக்டர் மூளை அது, உடனே கூட்டிப் பார்த்துவிட்டது. ஆனாலும் சிரித்துக்கொண்டே, "மோட்டாரு விஷயத்த அக்கம்பக்கத்துல சொல்லலியேம்மா?" என்று கேட்டார். சொல்லவில்லை என்றேன். முத்துப்பேச்சி அக்கா சொன்னாரா என்பதற்கு நான் பொறுப்பில்லை என்றும் சொன்னேன். ஆகஸ்ட் ஐந்தாம் தேதி தருவதாக எழுதிக் கொடுத்துவிட்டார்.

அந்தக் காகிதத்தையும் கையில் இரண்டாயிரம் ரூபாயையும் எடுத்துக்கொண்டு நேற்று ஆயக்குடிக்குப் போனேன். ரங்கசாமி அண்ணன் தோட்டத்தில் இருந்தார். என்னைப் பார்த்ததும் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துவிட்டார்.

"வா அம்மிணி. நானே ஒருநாளு வந்து சொல்லோணும்னு இருந்தேன். உங்கூட்டுக்காரன்தான் உனக்குத் தெரியக்கூடாதுன்னு எழுதியிருந்தான். எனக்கும் மனசே செரியில்ல."

"அண்ணா, எனக்குத் தெரியாமப் போச்சு. தெரிஞ்சிருந்தா நீங்க வந்த அன்னிக்கு உங்களுக்குக் காபி போட்டுக் குடுத்து, இதையெல்லாம் அன்னிக்கே பேசி முடிச்சிருப்பேன்."

போர்வெல்லைக் காட்டினார். நானூறு அடியில் தண்ணீர் நின்றுபோய்விட்டது. வண்டிக்காரன் முன்பணம் இருபதாயிரம் கேட்கிறானாம். கொய்யா இலையெல்லாம் சுருண்டு கிடந்தது. நான் சொன்னேன்: ஐந்தாம் தேதி இருபத்துநாலாயிரம் வரும், வண்டியை வரச் சொல்லுங்கள். மிச்சம் பதினாறாயிரத்துக்கு இன்று இரண்டாயிரம், இனி மாதாமாதம் இரண்டாயிரம். அவர் வாங்கத் தயங்கினார். உங்கள் அக்கா சொர்ணலட்சுமி அண்ணிதான், "வாங்கிக்கங்க. வாங்காட்டி அவ அடுத்த மொறை நம்மூட்டுக்கு வரமாட்டா" என்றார். சரியாகப் புரிந்துகொண்டார்.

அங்கிருந்து தொப்பம்பட்டிக்கும் போய் வந்தேன். அத்தையிடம், "நான் வேலைய விட்டுட்டு இங்க வந்து இருக்கட்டுமா?" என்று கேட்டேன். அத்தை மாவு ஆட்டிக்கொண்டிருந்தவர் கிரைண்டரை நிறுத்திவிட்டார்.

"எதுக்குக் கண்ணு? கண்ணாலமாகி இருவது வருசங்கழிச்சுத்தான் நான் தனியா ஒரு அடுப்பு வெச்சேன். நீ ரெண்டு மாசத்துல வெச்சுட்டே. உட்டுப்போட்டு வர்றேங்கிறயே."

நீங்கள் அவர் பெயரில் எழுதியதைச் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். அது உங்களுக்கும் எனக்கும் இடையில் இருக்கட்டும்.

ஆக எல்லாம் முடிந்தது. உங்கள் சம்பளத்தில் ஒரு ரூபாய்கூடத் தேவைப்படவில்லை.

யுவராணி


பயிற்சி முகாம்
13.08.2024

ராணிக்கு,

இதுவரைக்குமான சம்பளம் மொத்தமாக வந்துவிட்டது. மெஸ், உடுப்பு எல்லாப் பிடித்தமும் போக ஐம்பத்தெட்டாயிரம். இத்தனை பெரிய தொகையை என் பெயருக்கு நேராகப் பார்த்தது இதுதான் முதல் தடவை. கையெழுத்துப் போடும்போது சந்தோஷமாக இருந்தது. படுக்கைக்கு வந்து உன் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். சந்தோஷம் போய்விட்டது.

கோபத்தில் எழுதவில்லை. நீ செய்த ஒவ்வொன்றும் எனக்குப் பெருமைதான். இருதயநாதன் சாரிடம் நான் போயிருந்தால் கும்பிட்டுவிட்டுத் திரும்பியிருப்பேன். மச்சான் எனக்குத் தனியாகக் கடிதம் போட்டிருக்கிறார். அறுநூற்றிருபது அடியில் தண்ணீர் வந்ததாம். "உன்ற சம்சாரம் பேசுனாப்புல பேச நம்ம குடும்பத்துல ஆளில்லடா" என்று எழுதியிருக்கிறார்.

ஆனால் கடைசி வரியை மட்டும் தாண்ட முடியவில்லை. என் சம்பளத்தில் ஒரு ரூபாய்கூடத் தேவைப்படவில்லை. நான் பொய் சொன்னேன், தண்டனை கிடைத்தது, அது சரி. ஆனால் அந்த வீட்டில் எனக்கு வேலை என்ன? வாடகை நீ கொடுக்கிறாய். கடன் நீ அடைக்கிறாய். என் மச்சானிடம் நீ பேசுகிறாய், என் அம்மாவிடம் நீ பேசுகிறாய். மார்ச்சில் நான் வந்தால் எங்கே உட்காருவது என்று உன்னிடம் கேட்டுத்தான் உட்கார வேண்டும் போலிருக்கிறது.

இங்கே இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் வீட்டைப் பற்றித்தான் பேசுவார்கள். ஒருவன் தங்கைக்குப் பீஸ் கட்டுகிறேன் என்பான். இன்னொருவன் அப்பா ஆபரேஷன் என்பான். என்னிடம் கேட்டால், என் வீடு தானாக ஓடுகிறது என்று சொல்கிறேன். பெருமையாகச் சொல்ல நினைத்துத்தான் ஆரம்பிக்கிறேன்.

எனக்கு ஒரு செலவைக் கொடு. எதுவாக இருந்தாலும் பரவாயில்லை.

அன்புமணி


திண்டுக்கல்
21.08.2024

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதத்தைக் கடையிலேயே பிரித்துப் படித்துவிட்டேன். படித்த பிறகு இருமல் மருந்துக்குப் பதிலாக வயிற்றுவலி மருந்துக்குப் பில் போட்டேன். முதலாளி அப்பாஸ் பாய் பார்த்துவிட்டு, "வீட்ல எல்லாம் நல்லாருக்காங்களாம்மா?" என்று கேட்டார்.

அந்தக் கடைசி வரியை வேண்டுமென்றுதான் எழுதினேன். உங்களுக்கு வலிக்க வேண்டும் என்று எழுதினேன். வலித்தது என்று தெரிந்தபோது, நான் நினைத்த மாதிரி திருப்தியாக இல்லை.

இப்போது நானும் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் பேனாவை நான்கு தடவை எடுத்து வைத்ததாக எழுதினீர்கள். நான் அதைவிட அதிகம்.

ஜூன் மாத மளிகை 2,180 இல்லை. 2,860. இரண்டாயிரத்து இருநூறு என்று உங்களுக்கு எழுதும்போதே அது முடியாது என்று எனக்குத் தெரியும். வீட்டை விடக்கூடாது என்பதற்காகத் தொகையைக் குறைத்து எழுதினேன். உங்களுக்குச் சந்தேகம் வந்து கேட்டீர்கள். நல்ல பிடிவாதம் என்று எழுதி விட்டுவிட்டீர்கள். அது பிடிவாதம் இல்லை, பொய்.

ஜூலையில் அந்தப் பொய்யை உண்மையாக்கப் பார்த்தேன். 1,400 ரூபாய்க்குத்தான் மளிகை வாங்கினேன். கரண்டுக்குக் கட்டியது திரும்பி வரவில்லை. ஆயக்குடிக்குக் கையில் பணம் இல்லாமல் போக எனக்கு மனமில்லை. மாதத்தின் கடைசிப் பத்து நாள் இரவில் சமைக்கவில்லை. காலையில் இரண்டு இட்லி, மதியம் ரசம் சோறு, தொட்டுக்கொள்ள வெஞ்சனம் கிடையாது. ஆயக்குடிக்குப் போய் வந்த மறுநாள் கடையில் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அப்பாஸ் பாய் குளுக்கோஸ் கலக்கிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார். அன்று சாயங்காலம் உட்கார்ந்துதான் உங்களுக்கு அத்தனை வீரமாகக் கடிதம் எழுதினேன்.

முத்துப்பேச்சி அக்கா கண்டுபிடித்துவிட்டார். "ராத்திரியில ஒம் வீட்டுல குக்கர் சத்தமே கேக்கலையே, பத்து நாளா என்ன திங்கிற?" என்று கேட்டு, மேலே வந்து டப்பாக்களைத் திறந்து பார்த்தார். பிறகு கீழே போய்க் கத்தரிக்காய்க் குழம்பும் சோறும் கொண்டுவந்தார். நான் சாப்பிட்டு முடிக்கும் வரை எதிரில் உட்கார்ந்திருந்தார். நீங்கள் போன பிறகு, நான் சாப்பிடும்போது ஒருவரும் அப்படி எதிரில் உட்கார்ந்ததில்லை.

ஆக நீங்கள் அட்வான்ஸில் பொய் சொன்னீர்கள், நான் மளிகையில் சொன்னேன். இரண்டு பேரும் ஒரே வீட்டுக்காகத்தான் சொன்னோம். இனி அப்படி வேண்டாம். இல்லாவிட்டால் இல்லை என்று எழுதுவோம்.

செலவு கேட்டீர்கள், தருகிறேன். ரங்கசாமி அண்ணனுக்கு இன்னும் பதினாலாயிரம் பாக்கி. நீங்கள் வாங்கிய கடன், நீங்களே அடையுங்கள். நீங்கள் கொடுத்தால்தான் அவருக்கும் மரியாதை. வாடகை, கரண்டு, சிலிண்டர் என்னுடையது. அதை நான் விட்டுத் தரமாட்டேன், எனக்கு அது பிடித்திருக்கிறது. மளிகையும் காய்கறியும் பாலும் இந்த மாதம் முதல் உங்களுடையது. நாலாயிரத்து ஐந்நூறு ஆகும். இது குறைத்து எழுதாத தொகை. மீதியைப் பேங்கிலேயே போட்டு வையுங்கள், எவ்வளவு இருக்கிறது என்று எனக்கு மாதாமாதம் எழுதுங்கள். நானும் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்யுங்கள். எடுக்கிறேன்.

கயிற்றில் ஏறி மணி அடித்ததற்கு நான் ஒரு வார்த்தை எழுதவில்லை. அன்றைக்கு எழுத மனம் வரவில்லை. இப்போது எழுதுகிறேன்: எனக்குத் தெரியும், ஏறிவிடுவீர்கள் என்று.

யுவராணி


பயிற்சி முகாம்
03.09.2024

ராணிக்கு,

பதினாலாயிரம் மச்சானுக்கு அனுப்பிவிட்டேன். ரசீது இத்துடன் வைத்திருக்கிறேன். உனக்கு நாலாயிரத்து ஐந்நூறு கேட்டாய், ஐயாயிரம் அனுப்பியிருக்கிறேன். ஐந்நூறு ரூபாய் முட்டைக்கு. வேறு எதற்கும் திருப்பக்கூடாது. பேங்கில் மிச்சம் முப்பத்தைந்தாயிரத்துத் தொள்ளாயிரம். மூன்றாயிரத்து நூறு எனக்கு: ஓடுகிற ஷூ கிழிந்துவிட்டது, வாங்கினேன், கேன்டீனில் தேங்காய் பர்பி இருந்தது, அதுவும் வாங்கினேன். ஒன்றையும் மறைக்கவில்லை.

போனில் சொன்னதுதான், ஆனாலும் எழுதுகிறேன். அந்தப் பத்து நாள் நீ இரவில் சாப்பிடாமல் படுத்திருக்கிறாய். நான் இங்கே மூன்று வேளையும் தட்டு நிறையச் சாப்பிட்டுவிட்டுச் சப்பாத்தியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். முத்துப்பேச்சி அக்காவுக்கு நான் வரும்போது ஒரு புடவை எடுக்க வேண்டும். என்ன நிறம் என்று கேட்டு வை.

நேற்று இரவு ஒருவன் கேட்டான், உன் வீட்டுக்கு என்ன அனுப்புகிறாய் என்று. பருப்பு, எண்ணெய், கத்தரிக்காய், பால் என்றேன். அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

தீபாவளிக்குப் பத்து நாள் லீவு தருவார்கள் என்று பேச்சு அடிபடுகிறது. நிச்சயமானால் எழுதுகிறேன்.

அன்புமணி


திண்டுக்கல்
11.11.2024

அன்புள்ள மாமா,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தது தெரிந்து நிம்மதி. ரயிலுக்குக் கட்டிக் கொடுத்த புளியோதரை மூன்றாம் நாள் வரை வந்ததா?

இன்று லீவு. உட்கார்ந்து எழுதிவிடலாம் என்று எடுத்தேன். நீங்கள் இருந்த பத்து நாளில் செலவு ஏறியது 2,650 ரூபாய். கறி மூன்று தடவை. பால் கால் லிட்டர் ஒரு லிட்டராகிவிட்டது, ஒரு நாளைக்கு ஐந்து தடவை டீ குடிக்கும் ஆளை முகாமில் எப்படி வைத்துக்கொள்கிறார்கள் என்று தெரியவில்லை. சிலிண்டர் எட்டு நாள் முன்னாலேயே தீர்ந்தது. பகலெல்லாம் பேன் ஓடியது, சப் மீட்டர் ஒழுங்காகத்தான் எண்ணுகிறதா என்று நீங்கள் வேறு ஒரு மணி நேரம் லைட்டைப் போட்டுப் போட்டு அணைத்தீர்கள். பட்டாசு நூற்றைம்பதுக்கு என்று பேசி நானூறுக்கு வாங்கினீர்கள். நூறு கிராம் சீரகம் என்று நான் எழுதிக் கொடுத்த சீட்டைப் பையில் வைத்துக்கொண்டே ஒரு கிலோ வாங்கி வந்தீர்கள். கேட்டதற்கு, "எப்படியும் தீரத்தானே போகுது" என்றீர்கள். முத்துப்பேச்சி அக்கா இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார். புடவையை இன்றைக்குத்தான் கட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனார்.

தண்ணீர் கேனை நீங்களே தூக்கி வைத்ததால் கூலி ஐந்து ரூபாய் வீதம் மூன்று கேனுக்கு மிச்சம். அதையும் எழுதியிருக்கிறேன்.

எதைக் குறைத்திருக்கலாம் என்று வரிசையாக ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கறி மூன்று தடவையை இரண்டாக்கலாமா என்று யோசித்தேன். எந்தத் தடவையை என்று தெரியவில்லை. முதல் தடவை நீங்கள் வந்த அன்று. இரண்டாவது அத்தையும் அண்ணனும் அண்ணியும் வந்து, இடம் போதாமல் நாம் இரண்டு பேரும் சமையலறையில் உட்கார்ந்து சாப்பிட்ட அன்று. மூன்றாவது தடவை நீங்கள் கிளம்புவதற்கு முந்திய நாள். டீயைக் குறைத்திருக்கலாம். ஆனால் ஒவ்வொரு தடவையும் எனக்கும் ஒரு தம்ளர் போட்டீர்கள்.

ஒன்றையும் குறைக்க முடியவில்லை. விட்டுவிட்டேன்.

தனி ரேஷன் கார்டு வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. குடும்பத் தலைவர் உங்கள் பெயர், கீழே என் பெயர். அடுத்த வருடத்துக்கான செலவை இப்போதே போட்டுப் பார்த்தேன். பிப்ரவரி வரை ஒன்றும் மாற்றமில்லை. மார்ச்சில் மளிகை என்று எழுதி, பழக்கத்தில் பழைய தொகையையே போட்டுவிட்டேன். பிறகு அடித்துவிட்டு மாற்றி எழுதினேன், இரண்டு பேருக்கு.

யுவராணி